பிரிந்தவர்கள் கூடிய பாதை

1960களிலும் 70களிலும் மேற்கு ஐரோப்பாவிலிருந்து முதுகில் ஒரு பையோடு கிளம்பி, துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியே தரை மார்க்கமாக இந்தியாவுக்கும் நேபாளத்துக்கும் வந்துசேர்ந்த இளைஞர்கள் ஏராளம். அவர்கள் நடந்தும் பஸ்ஸிலும் லாரியிலும் வந்த வழியை 'ஹிப்பி பாதை' என்கிறோம். அந்தப் பயணம் பற்றிய நினைவுக் குறிப்புகளில் ஒரு சம்பவம் திரும்பத் திரும்ப வருகிறது. இஸ்தான்புல்லில் பிரிந்த நண்பர்கள் பல மாதம் கழித்து காபூலிலோ காத்மாண்டுவிலோ ஒரு டீக்கடையில் எதிரெதிரே வந்து நிற்பார்கள். கைபேசி கிடையாது, நிலையான முகவரி கிடையாது, ஆனாலும் சந்தித்தார்கள். பலர் இதை விதி என்றார்கள், சிலர் கர்மவினை என்றார்கள். அந்தச் சந்திப்புகளில் பெரும்பாலானவை விதியின் வேலை அல்ல என்பது என் கருத்து. ஒரு சாலை, ஒரு தபால் ஜன்னல், ஓர் அறிவிப்புப் பலகை ஆகிய மூன்றும், அவற்றை நடத்திய மனிதர்களும் சேர்ந்துதான் அந்தச் சந்திப்புகளைச் சாத்தியமாக்கினார்கள்.

முதலில் சாலை. 1957 ஏப்ரலில் லண்டனிலிருந்து கிளம்பிய 'இந்தியாமேன்' என்ற பஸ் ஜூனில் கல்கத்தா வந்துசேர்ந்தது. ஒரு வழிக் கட்டணம் 85 பவுண்டு. அதன் பின் வந்த பஸ்களும் வேன்களும் ஏறக்குறைய அதே தடத்தைத்தான் பிடித்தன, ஏனென்றால் வேறு நல்ல தடம் அதிகம் இல்லை. ஆப்கானிஸ்தானின் நடுவே இந்துகுஷ் மலை நிற்கிறது. ஹெராத்திலிருந்து காந்தகார் வரையான சாலையை சோவியத் யூனியனும், காந்தகாரிலிருந்து காபூல் வரையான சாலையை அமெரிக்காவும் 1960களில் போட்டுக் கொடுத்தன. பனிப்போரில் எதிரெதிரே நின்ற இரு வல்லரசுகளின் போட்டி, மலையைச் சுற்றிப் போகும் ஒரே நல்ல சாலையாக முடிந்தது. அதைத் தாண்டினால் கைபர் கணவாய், பெஷாவர், லாகூர், வாகா, டெல்லி. ஆயிரக்கணக்கானோர் இப்படி ஒரே தடத்தில் நகரும்போது, ஒவ்வோர் ஊரிலும் மலிவான விடுதிகள் ஒன்றிரண்டு தெருக்களில் குவிந்தன: காபூலில் சிக்கன் ஸ்ட்ரீட், காத்மாண்டுவில் ஃப்ரீக் ஸ்ட்ரீட் என்று பெயர்பெற்ற ஜோச்சேன் தெரு. இத்தனை குறுகிய இடத்தில் தெரிந்த முகம் ஒன்று கண்ணில் படுவது அதிசயமல்ல, படாமல் போயிருந்தால்தான் அதிசயம்.

ஆனால் ஒரே தெருவுக்கு வந்தால் மட்டும் போதாது, ஒரே வாரத்திலும் வர வேண்டும். அந்தக் காலக் கணக்கைச் சரிசெய்தது தபால்துறை. 1874இல் பெர்னில் உருவான உலகத் தபால் ஒன்றிய ஏற்பாட்டால் நாடு விட்டு நாடு கடிதம் போவது எளிதாகியிருந்தது. 'போஸ்ட் ரெஸ்டான்ட்' என்று குறிப்பிட்டு, பெயரையும் ஊரையும் மட்டும் எழுதினால் போதும். தலைமைத் தபால் நிலையம் கடிதத்தைக் குறிப்பிட்ட காலம்வரை வைத்திருக்கும், உரியவர் பாஸ்போர்ட்டைக் காட்டி வாங்கிக்கொள்ளலாம். கடிதங்கள் எழுத்து வரிசைப்படி அறைகளில் அடுக்கப்பட்டிருக்கும். குடும்பப் பெயர் எது, சொந்தப் பெயர் எது என்று குமாஸ்தாவுக்குப் பிடிபடாமல் கடிதம் வேறு அறைக்குப் போய்விடுவது வாடிக்கை. அதனால் குடும்பப் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி அடிக்கோடிடுவதும், இரண்டு எழுத்துகளின் அறைகளிலும் தேடச் சொல்வதும் பயணிகளிடையே பழக்கமாயின. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் அலுவலகங்களும் தங்கள் பயணக் காசோலைகளை வைத்திருந்தவர்களுக்காகக் கடிதம் வாங்கி வைத்தன. தெற்கே இறங்கி ராமேஸ்வரத்தில் கப்பலேறித் தலைமன்னார் போனவர்களுக்கும் கொழும்புத் தலைமைத் தபால் நிலையத்தின் பெயரில் கடிதம் எழுத முடிந்தது.

மூன்றாவது, அறிவிப்புப் பலகை. இஸ்தான்புல்லின் சுல்தானகமத் பகுதியில் இத்ரிஸ், நாமிக் சோல்பான் சகோதரர்கள் 1957இல் லாலே என்ற உணவகத்தைத் திறந்தார்கள். பயணிகள் அதைப் 'புட்டிங் ஷாப்' என்றே அழைத்தார்கள். அதன் சுவரில் இருந்த பலகையில் டெல்லிக்குப் போகும் வேனில் இடமிருப்பதாக ஒரு சீட்டு, பக்கத்தில் நண்பனுக்கு ஒரு சேதி, அதன் மேலேயே இன்னொருவரின் மன்னிப்பு என்று குத்தப்பட்டிருக்கும். கடிதம் ஒருவருக்கு மட்டும் உரியது. பலகைச் சீட்டை எல்லோரும் படித்தார்கள். தேடப்படுபவர் வராவிட்டாலும், அவரை வழியில் கண்ட ஒருவர் அதைப் படித்துத் தகவல் சொல்ல முடிந்தது.

சந்தித்தவர்கள்தானே கதை எழுதினார்கள், சந்திக்காமல் போனவர்களின் கணக்கு எங்கே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தவறிய கடிதங்களும் வீணாய்க் காத்திருந்தவர்களும் நிச்சயம் உண்டு. ஆனால் தற்செயலே காரணமென்றால், சாலை மூடிய பிறகும் அதே அளவு சந்திப்புகள் அங்கே நடந்திருக்க வேண்டும். 1979இல் ஈரானில் புரட்சி வந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தது. பாதை அறுந்தது, சிக்கன் ஸ்ட்ரீட் சந்திப்புகளும் அறுந்தன. பயணிகள் விமானமேறித் தென்கிழக்கு ஆசியாவின் பக்கம் போகத் தொடங்கினார்கள். 1980களில் பாங்காக்கின் காவோசான் சாலையில் மலிவு விடுதிகள் பெருகின, பிரிந்தவர்கள் அங்கே கூடத் தொடங்கினார்கள். இடம் மாறியதும் 'விதி'யும் இடம் மாறியிருக்கிறது. அமைப்புதான் காரணம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

1996இல் சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் தொடங்கிய ஹாட்மெயிலோடு இதெல்லாம் பழங்கதையாகிவிட்டது, இழந்தது என்ன என்றும் கேட்கலாம். சேதி உடனே போகிறது. பெற்றோர் மாதக்கணக்கில் கவலையோடு காத்திருக்க வேண்டியதில்லை. இது உண்மையான முன்னேற்றம், இதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. என்றாலும், நண்பனைத் தேடி ஒரு பொது இடத்துக்குப் போக வேண்டியிருந்தபோது, போகிற வழியில் அந்நியர்களும் நண்பர்களானார்கள். இன்றைய சேதி இருவருக்குள் தொடங்கி இருவருக்குள்ளேயே முடிகிறது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. பணபலமும் வலுவான பாஸ்போர்ட்டும் கொண்ட மேற்கத்திய இளைஞர்களின் சுகம் அது. காபூல் விடுதிக்காரர் லண்டனில் தன் நண்பரை அப்படித் தேடிப் போயிருக்க முடியுமா? பெரும்பாலும் முடியாது. இந்த ஆட்சேபத்தை நான் முழுதாக ஏற்கிறேன். என் வாதத்துக்கு அது இன்னும் வலு சேர்க்கிறது. சந்திப்பை விதியின் கணக்கில் எழுதும்போது அழிந்துபோவது உள்ளூர்க்காரர்களின் உழைப்பு. புரியாத எழுத்தில் வந்த பெயர்களைப் பிரித்து அடுக்கிய குமாஸ்தா, சுவரில் இடம் ஒதுக்கிய உணவகக்காரர், போனவர் எந்தப் பக்கம் போனார் என்று நினைவு வைத்திருந்த விடுதிக்காரர் இல்லாமல் அந்த நண்பர்கள் கூடியிருக்க மாட்டார்கள். ஹிப்பி பாதையின் வரலாறு இதுவரை பெரும்பாலும் பயணம் போனவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. வழியில் இருந்தவர்களின் பங்கையும் சேர்த்து எழுதினால்தான் அது முழு வரலாறாகும்.