அறுவைக்குப் பின் வரும் குடல் ஒட்டு: படத்தில் தேடிய வரலாறு

வயிற்றறையின் உட்சுவரையும் குடலையும் போர்த்தியிருக்கும் மெல்லிய, வழுவழுப்பான சவ்வுக்குப் பெரிடோனியம் என்று பெயர். அறுவை சிகிச்சையின்போது கருவி பட்டோ, துணி உராய்ந்தோ, வெறுமனே காற்றில் உலர்ந்தோ இந்தச் சவ்வு சிராய்த்துப் போனால், அந்த இடத்தில் ஃபைப்ரின் என்னும் புரதம் பசையாகப் படியும். சில நாட்களில் உடலே அதைக் கரைத்துவிட வேண்டும். கரையாமல் தங்கினால் அதற்குள் செல்களும் இரத்தக்குழாய்களும் புகுந்து, அது உறுதியான நாராகிவிடுகிறது. பிறகு குடல் குடலோடும், வயிற்றுச்சுவரோடும், கருப்பையோடும் ஒட்டிக்கொள்கிறது. லண்டனில் மென்சீஸும் ஹரால்டு எல்லிஸும் 1990இல் வெளியிட்ட ஆய்வில், முன்பு வயிற்றில் அறுவை செய்துகொண்ட 210 பேரில் 93 சதவீதத்தினருக்கு ஒட்டு இருந்தது. முதன்முறையாக அறுவைக்கு வந்த 115 பேரில் இது 10.4 சதவீதம்தான்.

ஒட்டு உள்ள பலருக்கு வாழ்நாள் முழுவதும் அதனால் ஒரு தொல்லையும் வராது. சிலருக்கு அதுவே குடலை முறுக்கி அடைத்துவிடும். சினைப்பைக் கட்டி அகற்றிய பெண்ணொருவர் ஒட்டினால் ஏற்பட்ட குடல் அடைப்பில் இறந்ததை ஆங்கில அறுவை மருத்துவர் தாமஸ் பிரையன்ட் 1872இலேயே பதிவு செய்திருந்தார். ஆனால் வயிற்றை மறுபடி திறந்தால் ஒழிய ஒட்டைக் காண அன்று வேறு வழியில்லை. திறப்பதோ புதிய ஒட்டுக்கு அடிபோடுகிற காரியம்.

1895இல் ரான்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். எலும்பைத் தெளிவாகக் காட்டிய அந்தக் கதிருக்குக் குடலும் ஒட்டும் ஏறக்குறைய ஒரே நிழல்தான். ஹார்வர்டில் மாணவராக இருந்த வால்டர் கேனன் பிஸ்மத் கலந்த உணவை விலங்குகளுக்கு ஊட்டி, அது உள்ளே நகர்வதை 1896 முதல் திரையில் பார்த்தார். மூனிக்கில் ஹெர்மன் ரீடர் 1904இல் இதை மனிதர்களுக்கான பரிசோதனையாக்கினார். பிஸ்மத் உப்பினால் நச்சு விளைவுகள் நேர்ந்ததால் 1910இல் பேரியம் சல்பேட் அதன் இடத்தைப் பிடித்தது. இவற்றில் தெரிந்தது குடலின் உள்வடிவம் மட்டுமே. வெளியிலிருந்து அதைப் பிடித்திருக்கும் நாரை, குடலின் வளைவையும் கோணத்தையும் வைத்து ஊகிக்க வேண்டியிருந்தது.

இந்த ஊகம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு லண்டன் கைஸ் மருத்துவமனையின் வில்லியம் ஆர்பத்நாட் லேன் சாட்சி. மனிதன் நிமிர்ந்து நடப்பதால் குடல் தொய்கிறது, அதைத் தாங்க உடல் நார்களை வளர்க்கிறது, அந்த நார்கள் சிறுகுடலின் கடைசிப் பகுதியை மடக்குகின்றன, தேங்கிய கழிவின் நஞ்சு உடலெங்கும் பரவுகிறது என்பது அவர் கொள்கை. இந்த மடிப்புக்கு 'லேன் மடிப்பு' என்றே பெயர் நிலைத்தது. கதிர்ப்பட மருத்துவர் ஆல்ஃப்ரெட் ஜோர்டன் அவருக்குப் படச் சான்றுகளைத் தந்தார். அவற்றை நம்பிப் பலருடைய பெருங்குடல் முழுவதுமாக அகற்றப்பட்டது. 1913இல் லண்டன் ராயல் மருத்துவக் கழகத்தில் இது குறித்து நீண்ட விவாதமே நடந்தது. நலமாக உள்ளவரின் குடலும் நிமிடத்துக்கு நிமிடம் வளைந்து நெளிகிறது என்பதும், ஒரு கணத்து நிழலை நிலையான மடிப்பாக எண்ணக்கூடாது என்பதும் தெளிவானபின் கொள்கை மங்கியது. லேன் தேடியவை அறுவைக்குப் பின் வரும் ஒட்டுகள் அல்ல. ஆனாலும் ஒட்டைப் படத்தில் தேடுவோர் அனைவருக்கும் பொருந்தும் எச்சரிக்கை இது.

முதல் உலகப் போரின் முடிவில் வேறொரு வழி பிறந்தது. ஜெர்மனியில் ஓட்டோ கோட்சே 1918இல் வயிற்றறைக்குள் வாயுவைச் செலுத்தும் ஊசியை வடிவமைத்தார். வாயு நிரம்பினால் வயிற்றுச்சுவர் மேலே எழும், குடல் கீழே இறங்கும். ஒட்டிய இடம் மட்டும் பிரியாமல் நிற்பது எக்ஸ் கதிர்ப் படத்தில் தெரியும். வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் லேப்ராஸ்கோப்பியும் இதே காலத்ததுதான்: 1901இல் கெல்லிங் நாய்களில், 1910இல் ஸ்டாக்ஹோமில் யாகோபேயஸ் மனிதர்களில். ஒட்டை நேரில் காட்டுவதில் அதை மிஞ்ச ஒன்றுமில்லை. சிக்கல் என்னவென்றால், முதல் ஊசி கண்ணை மூடிக்கொண்டு குத்துவது போன்றது. பழைய தழும்பின் அடியில் குடல் ஒட்டியிருந்தால் ஊசி குடலுக்குள்ளேயே இறங்கிவிடும்.

1971இல் வந்த சி.டி. ஸ்கேன் குடல் அடைப்பைக் கண்டறிவதை அடியோடு மாற்றியது. ஆனால் மெல்லிய நார் அதிலும் தெரிவதில்லை. விரிந்த குடல் திடீரெனச் சுருங்கும் இடத்தைத் தேடி, அங்கே கட்டியோ குடலிறக்கமோ இல்லையென்றால் 'ஒட்டாக இருக்கலாம்' என்று எழுதுவதே வழக்கம். இல்லாதவற்றைக் கழித்து எட்டும் முடிவு அது. ஒட்டினால் வரும் அடைப்பில் நீரில் கரையும் காஸ்ட்ரோகிராஃபின் மருந்தைக் கொடுத்துப் படமெடுப்பதும் பரவியது. மருந்து 24 மணி நேரத்துக்குள் பெருங்குடலை எட்டினால் பெரும்பாலும் கத்தியின்றியே அடைப்பு நீங்கும்.

உண்மையான திருப்பம், நாரைத் தேடுவதை விட்டு அசைவைத் தேடியபோதுதான் வந்தது. மூச்சிழுக்கும்போது உதரவிதானம் இறங்குகிறது. அதோடு குடல் வயிற்றுச்சுவரின் உட்புறத்தில் சில சென்டிமீட்டர் வழுக்கி நகர்கிறது. ஒட்டிய இடத்தில் இந்த வழுக்கல் இல்லை. பெர்னார்டு சீகல் குழுவினர் 1991இல் இதைச் சாதாரண அல்ட்ராசவுண்டில் காட்டினர். நகர்வு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டருக்குக் குறைந்தால் ஒட்டு என்று கொள்ளப்பட்டது. லேப்ராஸ்கோப்பி ஊசியை எங்கே குத்தலாம் என்று முன்கூட்டியே குறிக்க இது உதவியது. குடலோடு குடல் ஒட்டியிருப்பது மட்டும் இதில் எளிதில் பிடிபடாது.

அந்தக் குறையை ஓரளவு தீர்த்தது அசையும் எம்.ஆர்.ஐ. மூனிக்கில் லீனமான் குழுவினர் 2000இல் இதன் முதற்கட்ட முடிவுகளை வெளியிட்டனர். நோயாளி மூச்சை அடக்கி முக்கித் தளர்த்தும்போது, வயிற்றின் குறுக்கும் நெடுக்குமாகப் பல தளங்களில் தொடர் படங்கள் எடுக்கப்படுகின்றன. கதிர்வீச்சு இல்லை, வாயு இல்லை, ஊசியும் இல்லை. பக்கத்து உறுப்புகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்காமல் சேர்ந்தே நகர்ந்தால் அங்கே ஒட்டு. இதைப் படிக்கப் பழகிய கண் வேண்டும் என்பதால், வழுக்கலின் அளவைக் கணினியே கணக்கிட்டு நிறங்களில் காட்டும் முறையையும் ஆய்வாளர்கள் பின்னர் உருவாக்கினர்.

ஒட்டு தெரிந்துவிட்டால் வெட்டிவிடலாமா என்பது வேறு கேள்வி. நெதர்லாந்தில் நாள்பட்ட வயிற்றுவலியும் ஒட்டும் இருந்த 100 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவினருக்கு ஒட்டை நீக்கினர், மற்றவர்களுக்கு லேப்ராஸ்கோப்பியில் பார்த்ததோடு விட்டனர். 2003இல் வெளியான முடிவின்படி ஓராண்டுக்குப் பின் இரு பிரிவினருக்கும் வலி ஒரே அளவுக்குக் குறைந்திருந்தது. அதன்பின் வலிக்காக மட்டும் ஒட்டை வெட்டும் வழக்கம் தளர்ந்தது. நெதர்லாந்தின் நைமேகன் நகர மருத்துவர்கள் பின்னாளில் கேள்வியை மாற்றிக் கேட்டனர்: அசையும் எம்.ஆர்.ஐ.யில் ஒட்டு எங்கே என்று முன்பே தெரிந்தவர்களை மட்டும் தேர்ந்து அறுவை செய்து, மீண்டும் ஒட்டாமலிருக்கத் தடுப்புப் பொருளும் இட்டால் பலன் இருக்குமா? 2018இல் அவர்கள் வெளியிட்ட பதிவில், அறுவை செய்துகொண்டவர்களில் பெரும்பாலோர் வலி குறைந்ததாகக் கூறினர். இது குலுக்கல் முறை ஆய்வு அல்ல. அறுவை வேண்டுமா என்பதை நோயாளியும் மருத்துவரும் சேர்ந்தே முடிவு செய்திருந்தனர்.