எதற்கான எண்?

1969-இல் கோகோ கோலா நிறுவனம், பானம் அடைக்கும் கலன்களில் எது இயற்கைக்குக் குறைவாகத் தீங்கிழைக்கிறது என்றறிய ஓர் ஆய்வை நடத்துவித்தது. மூலப்பொருளை எடுப்பது முதல் குப்பையாய் எறிவது வரை கணக்கிட்ட அம்முறையே ‘வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீட்டின்’ முன்னோடி. ஆய்வு முழுமையாக வெளியிடப்படவில்லை.

1997-இல் ஐஎஸ்ஓ 14040 பொதுவிதிகளை வகுத்தது. ஆயினும் உணவுத்துறை ஆய்வாளர்களின் விடைகள் ஒன்றுபடவில்லை. லிட்டருக்கென அளந்தால் பின்தங்கும் இயற்கைவழிப் பால், ஏக்கருக்கென அளந்தால் முந்தக்கூடும்.

2018-இல் பூர், நெமசெக் இருவரும் 570 ஆய்வுகளைத் திரட்டி, 119 நாடுகளின் சுமார் 38,700 பண்ணைகளைப் பொது அளவுகோலில் ஒப்பிட்டனர். ஒரே உணவுப்பொருளிலும் பண்ணைக்குப் பண்ணை பெரும் வேறுபாடு தெரிந்தது.

ஆக, எண்ணை நம்புமுன் அது எதற்கான எண் என்று கேட்போம். அளவுகோலைத் தேர்ந்தவரே பலவேளை வெற்றியாளரையும் தேர்ந்துவிடுகிறார்.