குட்டமிதம்: பொய்ம்மறுப்புக்கு ஒரு சொல்

வடமொழி நாடக இலக்கணத்தில் ‘குட்டமிதம்’ என்றொரு கலைச்சொல் உண்டு. காதலன் கூந்தலையோ இதழையோ தீண்டும்போது, தலைவி உள்ளத்தில் மகிழ்ந்தும் வெளியே சினந்தவள்போலத் தலையசைத்துக் கைவிலக்குவதை அது குறிக்கும். தமிழில் பொய்ந்நாணம், பொய்ச்சினம் ஆகிய இரண்டுக்கும் நடுவே வைக்கத்தக்க பொருள் இது. பெண்ணின் ‘வேண்டாம்’ என்னும் சொல்லுக்கு யார் பொருள் சொல்வது என்ற வினாவின் நெடிய வரலாறு இச்சிறு சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது.

வடமொழித் தாதுபாடம் ‘குட்ட்’ என்னும் வினையடிக்கு வெட்டுதல், கடிந்துரைத்தல் என இரு பொருள் கூறும். இடித்து இறுக்கிய தளத்துக்குப் பெயரான ‘குட்டிமம்’ இவ்வடியிலிருந்து பிறந்ததே. தமிழின் ‘குட்டு’ முதலான திராவிடச் சொற்களோடு இதனை ஒப்பிட்ட மொழியியலாளரும் உளர். குட்டமிதமும் இவ்வடியைச் சார்ந்தது எனக் கொண்டால், கையால் தள்ளுவதும் வாயால் கடிவதும் சொல்லின் பிறப்பிலேயே உள்ளன. உள்ளத்து மகிழ்ச்சி அதில் இல்லை. அது இலக்கண நூலார் சேர்த்த பொருள்.

பரதரின் நாட்டிய சாத்திரம் மகளிர்க்கு இயல்பாக அமைவன எனப் பத்து அணிகளை எண்ணுகிறது. அவற்றுள் ஏழாவது குட்டமிதம், பத்தாவது விஹ்ருதம். இனிய சொல்லைப் பேசவேண்டிய வேளை வாய்த்தும் பேசாதிருப்பதே விஹ்ருதம். அம்மௌனம் பாசாங்கினாலும் நேரலாம், இயல்பினாலும் நேரலாம் என்று பரதர் இரு காரணங்களைக் காட்டுகிறார். பத்தாம் நூற்றாண்டில் மாளவத்துப் பரமார மன்னன் முஞ்சனின் அவையில் தசரூபகம் இயற்றிய தனஞ்சயர், நாணம் என்னும் ஒரே காரணத்தைக் கூறி அமைகிறார். பேசாத பெண் நாணத்தால்தான் பேசவில்லை என்பது இவ்வாறு இலக்கணமாயிற்று.

குட்டமிதமோ பெரிய மாற்றமின்றி நூற்றாண்டுகளைக் கடந்தது. 14ஆம் நூற்றாண்டில் ஒடிசாவின் விசுவநாதர், சாகித்திய தர்ப்பணத்தில் இயல்பணிகளைப் பத்திலிருந்து பதினெட்டாக விரித்தார். தெரிந்த பொருளையே தெரியாதவள்போல வினவும் ‘மௌக்த்தியம்’ அவர் பட்டியலில் சேர்ந்தவற்றுள் ஒன்று, குட்டமிதமும் நிலைத்தது. 16ஆம் நூற்றாண்டில் ரூப கோசுவாமி உஜ்ஜ்வல நீலமணியில் இச்சொல்லை ராதை–கண்ணன் பக்திக்குள் கொணர்ந்தார். 1591இல் ஓர்ச்சா அரசவைப் புலவர் கேசவதாசர் இயற்றிய ரசிகப்பிரியாவின் வழியாக அது பிரஜ மொழிக் கவிதையிலும் இடம்பெற்றது.

இவ்வரையறைகள் அனைத்துக்கும் பொதுவான ஓர் அமைப்பு உண்டு. ஒவ்வொன்றும் இரு பகுதிகளால் ஆனது: வெளியே மறுப்பு, உள்ளே மகிழ்ச்சி. முதற்பகுதியைக் கண்ணால் காணலாம். இரண்டாம் பகுதியை அறிபவன் தலைவியைப் படைத்த கவிஞன் ஒருவனே. அவன் சொல்வதால் அவையோரும் அறிகின்றனர். அவ்வறிவு இல்லையெனில் குட்டமிதத்துக்கும் உண்மையான மறுப்புக்கும் இடையே புலனுக்குத் தெரியும் வேறுபாடு ஏதுமில்லை. தலையசைப்பும் ஒன்றே, கைவிலக்கும் ஒன்றே. நடிப்போர்க்கு வகுத்த குறிப்பு என்ற அளவில் இவ்வரையறை பொருந்தும். உயிருள்ள பெண்ணை அறிவதற்கான கருவியாக அதனைக் கொள்ளும்போதுதான் பிழை தொடங்குகிறது. அவள் உள்ளத்தைப் படைத்த கவிஞன் அங்கே இல்லை. அவ்விடத்தில் தீண்டுபவன் அமர்ந்துகொள்கிறான்.

இது ஏட்டோடு முடிந்த செய்தியன்று. பெண்ணின் வலுவற்ற ‘வேண்டாம்’ சில வேளைகளில் இசைவையும் குறிக்கலாம் என்னும் கருத்து, 2017இல் தில்லி உயர் நீதிமன்றம் ஒரு பாலியல் வன்கொடுமை வழக்கில் வழங்கிய விடுதலைத் தீர்ப்பில் இடம்பெற்றது. தீர்ப்பு எழுதியவர் குட்டமிதம் என்ற சொல்லைக் கையாளவில்லை. கையாள வேண்டிய தேவையும் இல்லை. கலைச்சொல் வழக்கொழிந்தாலும் அது பழக்கிய பார்வை தங்கிவிடும்.

சட்டமோ அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே வேறொரு வரையறையை ஏற்றிருந்தது. 2013ஆம் ஆண்டின் திருத்தம், இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 375ஆம் பிரிவில், இசைவு என்பது ஐயத்துக்கு இடமின்றித் தானே முன்வந்து தெரிவிக்கும் உடன்பாடு என விளக்கியது. அதனைச் சொல்லாலோ சைகையாலோ தெரிவிக்கலாம். உடலால் எதிர்க்கவில்லை என்பதை மட்டும் கொண்டு பெண் இசைந்தாள் எனக் கருதலாகாது என்றும் உரைத்தது. 2024 சூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவும் இவ்விளக்கத்தையே தொடர்கிறது.

குட்டமிதத்தின் இலக்கணத்தை இச்சட்ட விளக்கத்தின் அருகில் வைத்துப் படித்தால் வேறுபாடு தெளிவாகும். முன்னது, தெரிவிக்கப்பட்ட மறுப்பைத் தள்ளிவிட்டு, தெரிவிக்கப்படாத மகிழ்ச்சியைச் சான்றாகக் கொள்கிறது. பின்னது, தெரிவிக்கப்பட்டதை மட்டுமே சான்றாக ஏற்கிறது. இலக்கிய வகுப்பில் நாயிகையின் அணிகளைப் பாடமாகச் சொல்வோர், அவ்வரையறைகளின் இரண்டாம் பகுதியை எழுதியவர் யார் என்ற வினாவையும் சேர்த்தே மாணவர்முன் வைத்தல் வேண்டும்.