ஹாலே நகரில் ஒரு தமிழர்



விடுமுறையில் நண்பர்களோடு ஐரோப்பா சென்று வரும் நம் சபையார் பெர்லினையும் பாரிசையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறீர்கள். ஜெர்மனி செல்லும் அடுத்த குழுவினர் ஒரு நாளை ஹாலே நகருக்கு ஒதுக்குங்கள். லைப்சிக் நகரிலிருந்து ரயிலில் சிறிது நேரப் பயணம்தான்.

சந்தைச் சதுக்கத்தில் இறங்கினால் நான்கு கோபுரங்களுடைய ஆலயம் தெரியும். 1546இல் மார்ட்டின் லூத்தர் மரித்தபின், அவருடைய உடலை விட்டன்பர்க் கொண்டுசென்ற வழியில் இவ்வாலயத்தில் ஓர் இரவு வைத்திருந்தார்கள். 1685இல் இசைமேதை ஹாண்டலுக்கு ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டதும் இங்கேதான். வெளியே அவருடைய சிலை நிற்கிறது. எல்லாரும் அதனருகே நின்று படம் எடுத்துக்கொள்வார்கள், நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அத்துடன் திரும்பிவிடாதீர்கள். சற்றுத் தொலைவில் அகஸ்ட் ஹெர்மன் பிராங்கே ஏழைப் பிள்ளைகளுக்காக நிறுவிய அநாதை இல்லமும் பள்ளிகளும் நீண்ட கட்டடங்களாக நிற்கின்றன. 1706ஆம் ஆண்டு ஜூலையில் தரங்கம்பாடியில் கரையிறங்கிய பர்த்தலோமேயு சீகன்பால்கு இந்நகரில் பயின்றவர். தமிழ் எழுத்துகளை வார்த்து தரங்கம்பாடிக்கு அனுப்பியவர்களும் ஹாலேயின் பக்தர்களே. அவை மிகப் பெரியவையாக இருந்தபடியால் காகிதம் அதிகம் செலவாயிற்று. ஆகவே பாலாடைக்கட்டியைச் சுற்றி வந்த ஈயத் தகடுகளை உருக்கித் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள்! தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்தது.

1714 அக்டோபரில் சீகன்பால்கு ஐரோப்பாவுக்குப் புறப்பட்டபோது அவருடன் ஒரு தமிழ் இளைஞரும் கப்பலேறினார். அவர் பெயர் பேதுரு மலையப்பன். மாதக்கணக்கான அக்கடற்பயணத்தில் சீகன்பால்கு லத்தீன் மொழியில் தமிழ் இலக்கணம் ஒன்றை எழுதினார். தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர் அருகில் இருந்தது அதற்கு எத்தனை உதவியாயிருந்திருக்கும்! அந்நூல் 1716இல் ஹாலேயில் அச்சாயிற்று. பிராங்கேயின் பள்ளிகளைக் கண்ட மலையப்பன், அதே ஆண்டில் சீகன்பால்குவுடன் தரங்கம்பாடிக்குத் திரும்பினார்.

நூலின் முகப்பில் சீகன்பால்குவின் பெயர் மட்டுமே இருக்கிறது. அக்கால வழக்கம் அது என்று சிலர் சொல்லலாம். எனக்கு அது போதிய பதிலாகத் தோன்றவில்லை. ரோமர் 16ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பவுல் சொல்லச் சொல்ல எழுதிய தெர்தியு, தன் பெயரைச் சொல்லித் தானே வாழ்த்துதல் கூறுகிறார். பவுல் அதைத் தடுக்கவில்லை. பதினாறு நூற்றாண்டுகளுக்கு முந்திய நிருபத்தில் எழுதுகிறவருக்குக் கிடைத்த இடம், நம் மொழியின் இலக்கணத்தில் நம்மவருக்குக் கிடைக்கவில்லை. சீகன்பால்குவின் அன்பையோ உழைப்பையோ நான் குறைத்துச் சொல்லவில்லை. முப்பத்தாறு வயதில், 1719 பிப்ரவரியில், அவர் உயிரைக் கொடுத்தது நம் மண்ணில்தான். தரங்கம்பாடியின் புதிய எருசலேம் ஆலயத்தில் அவருடைய கல்லறையை உங்களில் பலர் கண்டிருக்கிறீர்கள். மலையப்பனைப் பற்றி நம் ஞாயிறுபள்ளிப் பிள்ளைகளிடம் எவரும் சொல்லியிருக்கிறோமா?

பிராங்கே நிறுவனத்தின் காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகளும் தரங்கம்பாடியிலிருந்து சென்ற கடிதங்களும் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. செல்லுகிறவர்கள் அங்கே மலையப்பனின் பெயரைச் சொல்லி விசாரியுங்கள். அறிந்து வருவதை ஒரு ஞாயிறு ஆராதனைக்குப்பின் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அதற்கு நேரம் ஒதுக்கித் தருகிறேன்.