ஏலம் போனது, வரவு யாருக்கு?

சாணக்யபுரியில் நைஜீரிய ஹைகமிஷனைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு 'டூட்டு' ஞாபகம்தான். (பிஷப் இல்லைங்க, ஓவியம்!)

அடெடூட்டு என்ற யொருபா அரச குடும்பத்துப் பெண்ணை, பென் என்வோன்வு என்ற இக்போ ஓவியர் 1973-74ல் மூன்று முறை வரைந்தார். பியாஃப்ரா போர் 1970ல்தான் முடிந்திருந்தது. அந்தப் படம் சமாதானச் சின்னமாகி, அச்சுப்பிரதி வீட்டுக்கு வீடு தொங்கியது, நம்ம பூஜையறை ரவிவர்மா லட்சுமி மாதிரி. மூலப்படம் மூன்றும் எங்கே போயின என்றே தெரியவில்லை. 2017 கடைசியில் ஒன்று லண்டன் ஃப்ளாட் ஒன்றில் அகப்பட்டது. வீட்டுக்காரர்களுக்கே அதன் மதிப்பு தெரியாதாம். 2018 பிப்ரவரியில் போன்ஹாம்ஸ் ஏலத்தில், 2-3 லட்சம் பவுண்டு என்று மதிப்பிட்டது 12 லட்சத்துக்குப் போனது. என்வோன்வு 1994லேயே காலமாகிவிட்டார்.

நம்ம டெல்லிக் கதையும் ஏறக்குறைய இதேதான். உலக சுகாதார நிறுவனத்துக்காக இங்கே வந்த டாக்டர் வோலோடார்ஸ்கி, 1954ல் ஹுசைனின் 'கிராம் யாத்ரா'வை வாங்கினார். விலை 1,400 ரூபாய் என்று பத்திரிகைகள் எழுதின. 1964ல் ஆஸ்லோ ஆஸ்பத்திரிக்கு எழுதி வைத்தார். அங்கே சத்தமில்லாமல் தொங்கிய படம், 2025 மார்ச்சில் நியூயார்க் கிறிஸ்டீஸில் 1.38 கோடி டாலர், அதாவது சுமார் 118 கோடி ரூபாய்! பணம் டாக்டர்களின் பயிற்சிக்கு. சந்தோஷம்.

ஆனால் பேங்க்காரன் புத்தி, வரைந்தவர் கணக்கில் என்ன வரவு என்றுதான் பார்க்கிறது. நம் காப்புரிமைச் சட்டத்தில் 1994 திருத்தம் கொண்டுவந்த 53ஏ பிரிவு இருக்கிறது. 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால் ஓவியருக்கோ வாரிசுக்கோ 10 சதவீதம் வரை பங்கு. சுத்தியல் நியூயார்க்கில் விழுந்தால்? அங்கே அப்படியொரு பங்கு கேட்கவே வழியில்லை.