ஒளிக்கசிவும் ஒரு சான்றே

குமுளி, கூடலூர், கம்பம் வட்டாரத்துப் பழைய குடும்பப் புகைப்படங்களை ஆராய்வோர், சில படங்களின் ஓரத்தில் வெண்கீற்றையோ நடுவில் மங்கலான வட்டத்தையோ காண்பர். மின்னுருவாக்கம் செய்வோர் பலர் இவற்றைக் கறையென்று கொண்டு மென்பொருளால் நீக்கிவிடுகின்றனர். நீக்குமுன், ஒளி எவ்வழியே புகுந்தது என்று கேட்பது வரலாற்று மாணவரின் கடமை.

நடுவில் விழும் வட்டத்திற்கு நீண்ட வரலாறு உண்டு. பிலிமின் பின்தாளில் அச்சிட்ட எண்ணைச் சிவப்புச் சாளரம் வழியே பார்த்துச் சுருளை நகர்த்தும் முறை, 1892இல் பாஸ்டனில் வெளிவந்த ‘புல்ஸ் ஐ’ கேமராவோடு பரவியது. அக்காலப் பிலிம் சிவப்பொளியை உணராது. ஆகவே சாளரத்தால் தீங்கில்லை. பின்னர் எல்லா நிறங்களையும் உணரும் பான்குரோமேட்டிக் பிலிம் வழக்கிற்கு வந்தது, சாளரமோ மாறவில்லை. பரோடாவில் தயாரான அக்ஃபா கிளிக் 3 கேமராவிலும் அது இருந்தது. அதில் இடும் 120 பிலிமை, 1960இல் நிறுவப்பட்டு 1967இல் உற்பத்தி தொடங்கிய உதகை இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ‘இந்து’ என்ற பெயரில் விற்றது. பின்தாள் ஒன்றே காப்பு. வெயிலில் நின்று சுருளை நகர்த்தியவரின் படத்தில் வட்டம் பதியக்கூடும். ஒரு தலைமுறைப் பிலிமுக்குப் பொருந்திய அமைப்பு, அடுத்த தலைமுறைப் பிலிமுக்குப் பழுதாயிற்று.

ஏனைய கசிவுகளைக் கண்டறிய நெகட்டிவின் விளிம்பே முதற்சான்று. கசிவு படச்சட்டத்தைத் தாண்டி விளிம்பிலும் படர்ந்திருந்தால், ஒளி பின்மூடி வழியே வந்திருக்கும். சட்டத்திற்குள்ளேயே அடங்கியிருந்தால், துருத்தியிலோ லென்ஸ் பக்கத்திலோ ஓட்டை இருந்திருக்கும். சுருள் முழுவதும் இரு ஓரங்களும் கறுத்திருந்தால், கேமரா குற்றமற்றது. சுருள் தளர்வாகச் சுற்றப்பட்டு வெளியே எடுக்கப்பட்டிருக்கிறது. பிலிமில் உருவம் தலைகீழாக விழுவதால், படத்தின் மேற்பகுதிக் கீற்று கேமராவின் அடிப்பகுதியிலிருந்து வந்தது என்பதையும் மறத்தலாகாது.

இதனினும் முக்கியமானது காலக் கணக்கு. கிளிக் 3இல் ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படங்களே. சிக்கனமாக எடுக்கும் வீடுகளில், ஒரு திருவிழாவில் தொடங்கிய சுருள் அடுத்த விசேஷம் வரை கேமராவிலேயே காத்திருக்கும். ஒரே ஓட்டை எல்லாப் படங்களிலும் ஒரே இடத்தில் பதிந்து, ஒன்றில் மட்டும் அடர்ந்திருந்தால், அந்தப் படம் நெடுநாள் காத்திருந்தது என ஊகிக்கலாம். கேமரா உறைக்குள் இருந்ததா, வெளிச்சத்தில் இருந்ததா என்பதும் அடர்த்தியை மாற்றும். எனவே இது நாட்கணக்கைத் தராது. ஒரு சுருளுக்குள் படங்களை ஒப்பிட மட்டுமே உதவும்.

குமுளியின் மழையும் ஈரமும் இவ்வோட்டைகளுக்குத் துணைபோயின. ஈரத்தில் தோல் துருத்தியின் மடிப்புகள் பூஞ்சணம் பிடித்து வெடிக்கும். பல ஜப்பானியக் கேமராக்களின் பின்மூடியில் ஒட்டிய நுரைப்பஞ்சு, ஆண்டுகள் செல்லச் செல்லத் தார்போல இளகி உதிரும். இருட்டறையில் கேமராவுக்குள் சிறு டார்ச்சை வைத்து ஓட்டையைக் காண்பதும், கறுப்புக் கம்பளி நூலையோ வெல்வெட்டையோ பள்ளத்தில் பதிப்பதும் பழுதுபார்ப்போரின் முறைகள். பின்மூடியில் அத்தகைய நூல் தென்பட்டால், அதையும் ஆவணமாகப் பதிவு செய்தல் வேண்டும்.

உதகை ஆலை இன்று இயங்கவில்லை. பல ஸ்டுடியோக்கள் மூடப்பட்டுவிட்டன. தமிழக ஸ்டுடியோப் படங்களை மின்னுருவாக்கிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் பணி போன்றவை சிலவே. பெரும்பகுதி இன்னும் வீட்டுப் பெட்டிகளில்தான் இருக்கிறது. மின்னுருவாக்கத்தில் ஈடுபடும் மாணவர்கள் மூன்றைக் கடைப்பிடித்தல் நலம்: நெகட்டிவை விளிம்போடு ஸ்கேன் செய்க, திருத்தாத பிரதி ஒன்றைத் தனியே காக்க, சுருளின் வரிசையைக் கலைக்காதீர். விளிம்பை வெட்டிய பின், அந்தக் கீற்று எங்கிருந்து வந்தது என்று எவராலும் கூறவியலாது.