கொடுமுடிக் குயில்

நம்ம தகடூர் அதியமான்கிட்ட நெல்லிக்கனி வாங்கினவர் ஔவையார். அந்த ஔவைன்னதும் எனக்கு வர்ற முகம் கே.பி.சுந்தராம்பாளோடதுதான். ஒகேனக்கல்ல விழுற காவிரி அவங்க ஊரான கொடுமுடிக்கும் போகுது, அதனால சொந்தம் கொண்டாடலாம் :)

1908ல பிறந்தவங்க. பிரான்ஸ்ல எடித் பியாஃப் தெருவுல பாடினாப்ல, இவங்க சின்ன வயசுல ரயில்ல பாடிக் காசு வாங்கினாங்க. அப்புறம் நாடகம், எஸ்.ஜி.கிட்டப்பாவோட ஜோடி, 1927ல கல்யாணம். அவருக்கு ஏற்கனவே மனைவி உண்டு. பிணக்கு, பிரிவு, கடிதங்கள். 1933ல கிட்டப்பா இறந்தப்போ இவங்களுக்கு 25 வயசு. அதுக்கப்புறம் வெள்ளைச் சேலை, நெத்தியில திருநீறு, எந்த ஆம்பளையோடவும் ஜோடியா நடிக்கறதில்லைங்கற முடிவு.

மார்க்கெட் உள்ள நடிகை தன் தலையில தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கற வேலைதானே இது? ஆனா 1935ல 'பக்த நந்தனார்' படத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் கொடுத்தாங்க. அந்தக் காலத்து லட்சம்! போட்டது நந்தனார் வேஷம், அதாவது ஆண் வேஷம். ஜோடிப் பிரச்சினையே இல்ல. வேதியரா நடிச்சவர் மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர்.

மேலவை உறுப்பினராவும் இருந்தாங்க. 1953ல ஜெமினி வாசனோட 'ஔவையார்', 1964ல 'பூம்புகார்' கவுந்தியடிகள், 1965ல 'திருவிளையாடல்'ல மறுபடி ஔவை. எல்லாமே துணை தேவைப்படாத வேஷங்கள். 1980ல இறக்கற வரைக்கும் அந்த வெள்ளைச் சேலை மாறலை.